அப்பா மாட்டிய செயின்

சைக்கிள் செயினை மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவுவது தப்பு, மேடம். பலரும் அதைத்தான் செய்கிறார்கள். என் வீட்டில் அதற்கென்றே பிரஷ், தேய்மானம் பார்க்கிற கேஜ், கண்ணிகளை இணைக்கும் பின்னைத் தள்ளிக் கழற்றும் செயின் கட்டர் எல்லாம் இருக்கின்றன. ராஜபாளையத்தில் மில் ஃபிட்டர் நான். சரியான கருவி இல்லாமல் எதையும் தொடமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் மகள் ஜாஸ்மினுடைய ரேஸ் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். கடையில் விடச் சம்மதிக்கவே மாட்டாள். அவள் அம்மா இறந்த பிறகு எனக்கு வாய்த்த நல்ல நேரம் அதுதான்.

தேர்வுப் பந்தயத்தில் ஜெயித்தால் வடக்கே ஒரு பயிற்சி மையத்துக்குப் போய்விடுவாள் என்று தெரிந்தது.

"அம்புட்டு தூரம் எதுக்குட்டி? இங்கனயே ஓட்டேன்" என்றேன்.

"லீவுக்கு வாரேன்பா" என்றாள். சொந்த வீட்டுக்கு லீவுக்கு வருவாளாம்.

ரேஸ் செயினில் ஒரு தடவை தள்ளிய பின்னை மறுபடி போடக் கூடாது, பிடிப்பு இருக்காது. தெரிந்துதான் பழையதையே போட்டேன். விழுவாள், கையில் ஒரு கட்டு, பந்தயம் தப்பிப்போகும். அவ்வளவுதான் என் எண்ணம். வன்னியம்பட்டி விலக்கில் விழுந்தாள். முழங்கையில் வெறும் சிராய்ப்பு. சிரித்துக்கொண்டே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"செத்த நல்லாப் பாத்து மாட்டுங்கப்பா. நாளைக்குப் பந்தயம்."

பார்த்துத்தான் மாட்டினேன். இந்த முறை பின்னை முழுதாக உள்ளே விடவில்லை.

பந்தயம் தொடங்கும் கிருஷ்ணன்கோவிலுக்கு அவளே ஓட்டிப் போனாள். மடவார் வளாகம் பக்கம் எழுந்து நின்று மிதித்தபோது செயின் அறுந்திருக்கிறது. பின்னால் வேன் வரும் என்று நான் கண்டேனா? அவளுக்கு இடுப்புக்குக் கீழே இப்போது அசைவில்லை.

செயின் விற்ற பாண்டிச்செல்வத்தை நீங்கள் ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. ஜாஸ்மின்தான் உங்களிடம் சொல்லியிருக்கிறாள்: "அவிய மேல தப்பில்ல. எங்க அப்பாவைத் தவிர யாரும் அந்தச் செயினைத் தொட்டதில்ல." அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

எழுதிக்கொள்ளுங்கள் மேடம், செய்தது நான்தான். சீக்கிரம் அனுப்பிவிட்டால் நல்லது, அவளுக்குக் கஞ்சி ஊட்ட வேண்டும். ஆஸ்பத்திரியில் என் கையைப் பார்த்தாலே வாயை இறுக்கிக்கொள்கிறாள். வலியாக இருக்கும். வீட்டுக்கு வந்துவிட்டால் சரியாகிவிடும்.