முதல்ல வெல்டு, அப்புறம் போர்

– கையால சுத்திப் பாரு. பாருன்னா! கிராங்க் அசையுதா? அம்மி மாதிரி உக்காந்திருக்கு.

– கொஞ்சம் எண்ணெய் விட்டா சரியாயிடும், நெரெய்தா.

– எண்ணெயா? யார்கிட்ட கதை விடுற, எலியூத்? இந்தப் பழைய வோக்ஸ்வேகன் வோல்கி எஞ்சினோட கேஸு, அந்த வெளிக்கூடு, எப்பவும் மூணாவது சிலிண்டருக்குப் பின்னாடிதான் விரிசல் விடும். டர்போ மாட்டினா இன்னும் சீக்கிரம் விரியும். அங்க பட்டை வெச்சு வெல்டு அடி, அப்புறம் கிராங்க் உக்கார்ற துளைய லைன் போர் கடைய அனுப்பலாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்.

– அடிச்சேனே.

– போர் கடைஞ்சு வந்ததுக்கு அப்புறம் அடிச்சிருக்க! மக்னீசியம்யா இது. சூடு பட்டா துளை கோணிக்கும். நம்ம பொன்சே ஊர்ல எந்த அரைகுறை மெக்கானிக்கக் கேட்டாலும் சொல்லுவான், முதல்ல வெல்டு, அப்புறம் போர்.

– மறந்து தொலைச்சுட்டேன். மனுஷன்தானே.

– இருவது வருஷமா இதே கடையில வெல்டு அடிக்கிற. என் பிறந்தநாளை மறந்தேன்னு சொல்லு, நம்புறேன். இதை மறப்பியா?

– அட விடு. அடுத்த பந்தயத்துக்குப் பாத்துக்கலாம்.

– ஞாயித்துக்கிழமை பந்தயம்! இன்னொரு கேஸ் தேடிக் கடைய நேரம் எங்க இருக்கு? அலுமினியக் கேஸ மாட்டலாம்னா நம்ம பந்தயப் பிரிவுல விட மாட்டானுங்க. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. வேணும்னே பண்ணினியா?

– ம்.

– என்ன ம்? வாய் நிறைய அல்கபூரியா வடையா அடைச்சு வெச்சிருக்க? பேசுய்யா!

– ஆமா! வேணும்னேதான்! போதுமா?

– அடப்பாவி!

– உன் தம்பி ராமிரோ வண்டி எரிஞ்சப்ப நீ கேலரியில இருந்த. கிட்டப் போனவன் நான். கேஸ் விரிஞ்சு, எண்ணெய் கொட்டி, மக்னீசியமே பத்திக்கிச்சு. எவனோ மடையன் தண்ணிய ஊத்தினான், தீ ஆள் உயரத்துக்கு எழும்பிடுச்சு. வெறுங்கையால மண்ண அள்ளிப் போட்டோம். முதுகு வெந்ததுல ராமிரோ இன்னமும் குப்புறப் படுத்துத்தான் தூங்குறான். அந்த மாதிரி சீட்டுல ஞாயித்துக்கிழமை நீ போய் உக்காரணுமா?

– அதுக்குத்தானே பட்டை வைக்கச் சொன்னேன்! பயமா இருந்தா வாயத் திறந்து சொல்லணும். திருட்டுத்தனமாவா கேஸைக் கெடுப்ப?

– சொன்னா என்னைக்குக் கேட்டிருக்க? எனக்கு வேற வழி தெரியல. திட்டு, சுத்தியலத் தூக்கி எறி, என்ன வேணா பண்ணு. ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுல இருந்து ஒரு உசுரும் அந்தப் பந்தயக் கோட்டுல நிக்காது. எனக்கு அது போதும்.

– நிக்காதா? இந்த வயசுல எனக்கென்னய்யா பந்தய வெறி? உன் மவன் யாதியேல்தான் ஓட்டுவேன்னு ஒத்தக் கால்ல நின்னான். உன்கிட்ட சொன்னா நீ ராத்திரி தூங்க மாட்டன்னு மறைச்சேன். நம்ம வண்டிய நான் ஓட்டுறேன், நீ எவன் வண்டியிலயும் ஏறக் கூடாதுன்னு அவன்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தேன்.

– யாதியேலா? அதான் சத்தியம் பண்ணியிருக்கான்ல?

– நான் ஓட்டினாத்தான் அந்த சத்தியம். காலையில கிராங்க் சுத்தலன்னு முதல்ல பாத்ததே அவன்தான்.

– எங்க அவன்? நெரெய்தா, எங்க போனான்?

– பக்கத்துக் கடை சேயோவோட வோல்கிய ஓட்டிப் பாக்க ட்ராக்குக்குப் போயிருக்கான். அந்த மக்னீசியக் கேஸ்ல ஒரு பொட்டு வெல்டு கிடையாது.