இரும்புத் தாத்தாவின் பிறந்த வீடு

— இன்னும் ஒரு கிண்ணம் ஊத்தட்டுமா தங்கம்? மீன் குழம்பு இன்னைக்கு எனக்கே நாக்குல நிக்குது. நல்லா சாப்பிடு. சாப்பிட்டுட்டு மெதுவாச் சொல்லு.

— சரோம் சின்னம்மா, நீங்க எத்தனை கிண்ணம் ஊத்தினாலும் சொல்ல முடியாது. ரெண்டு ஊரும் கூடின பிறகு, தாத்தா குடில் முன்னாடிதான் சொல்லுவேன்னு நெம் மாமாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.

— நான் கேட்டேனா? யாரு கேட்டா? நான் ஊர் விஷயத்துல மூக்கை நுழைக்கிறவளே இல்லை. உன் போன்ல சார்ஜ் இருக்கா? குடு, உள்ள போட்டுத் தர்றேன்.

— போனைத் தர மாட்டேன்.

— தலைநகரத்துல கெமிஸ்ட்ரி படிச்சா இவ்வளவு சந்தேகப் புத்தி வருமா மொலிகா? சரி, முடிவு வேணாம். பொதுவாச் சொல்லு. போன வருஷம் எங்க இரும்புத் தாத்தாவோட குதிகால்ல நகத்தளவு அறுத்துக்கிட்டுப் போனியே...

— தாத்தா சம்மதிச்சாரு. உங்க மேல இறங்கி, உங்க வாயாலதான் சொன்னாரு. அதுக்குப் பெட்டி நிறைய சிகரெட்டும் வாங்கிக்கிட்டாரு.

— அது அவருக்கும் உனக்கும் உள்ள விவகாரம். அவரு என் மேல இறங்கினா எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இருக்காது. முழிச்சுப் பார்த்தா பெட்டி என் அலமாரியில இருந்துச்சு, அவ்வளவுதான். நான் கேட்கிறது வேற. அவரு உருகி, அடிபட்டு, அங்கோர் கோயிலுக்கு இரும்பு போன காலத்துல இருந்து ஒரு இரும்புக் கட்டியா குடில்ல உட்கார்ந்திருக்காரு. அவரு எந்தக் குன்னுல வெட்டின கல்லுன்னு இப்போ எப்படித் தெரியும்?

— கல்லை உலையில போட்டு உருக்கும்போது இரும்பு தனியா, கழிவுக் கிட்டம் தனியாப் பிரியும் இல்லையா? ஆனா எவ்வளவு அடிச்சாலும் கொஞ்சம் கிட்டம் பொடிப்பொடியா இரும்புக்குள்ளேயே மாட்டிக்கும். அந்தப் பொடியில அந்தக் கல்லோட சுபாவம் அப்படியே இருக்கும். க்டாம் ஊர்க் குன்னுல மாங்கனீசு ஜாஸ்தி. உங்க த்லோக் குன்னுல அது கிடையாது, டைட்டானியம்தான் ஜாஸ்தி. பொடியை மெஷின்ல வெச்சா எந்தக் குன்னுன்னு சொல்லிடும்.

— அதாவது, மனுஷன் எவ்வளவு குளிச்சாலும் சொந்த ஊரு வாசனை போகாது.

— கிட்டத்தட்ட அதுதான்.

— நான் யாரைப் பத்தியும் பேச மாட்டேன், ஆனா அதுக்கு எங்க நெம் அண்ணன்தான் சாட்சி. அந்தாளு பொறந்தது இதோ, அந்தப் புளியமரத்து வீட்டுல. க்டாம் பொண்ணைக் கட்டி மாமியார் வீட்டோட போனாரு. போன மறுநாளே அந்த ஊர்த் தண்ணிதான் இனிப்புன்னு ஆரம்பிச்சிட்டாரு. இப்போ அந்த ஊருக்கே தலைவரு! ஆனா குழம்புக்குப் போடுற ப்ராஹோக் மீன் விழுது மட்டும் இன்னும் நம்ம ஊர்லதான் வாங்குறாரு. ராத்திரியில ஆள் அனுப்பி.

— அவருதானே தாத்தாவை உங்க ஊரு திருடிட்டு வந்துடுச்சுன்னு சொல்றாரு?

— சொல்றதோட நிறுத்தினா பரவாயில்லையே. உன் மெஷின் க்டாம்னு சொன்னா, இன்னைக்கே தாத்தாவைத் தூக்கிட்டுப் போவேன்னு கை டிராக்டர் வண்டியில வைக்கோல் மெத்தை போட்டுக்கிட்டு வர்றாராம். அவங்க குடில்லதான் ஏற்கெனவே ஒரு கட்டி இருக்கே, வயல் நண்டு சைஸுக்கு. அதுவும் போதாதாம்.

— தெரியும். அதையும் கொஞ்சம் அறுத்துக்கிட்டுப் போனேன்.

— அறுக்க அதுல என்ன இருக்கு? சொல்லுறேன் கேளு தங்கம். தாத்தா எத்தனையோ வருஷமா என் வாயால என்ன சொல்லிக்கிட்டு வர்றாரு? ‘நான் இந்த மண்ணு மகன்’னு. இன்னைக்கு அது பொய்னு ஆச்சுன்னா? மழை எப்போ வரும், தொலைஞ்ச எருமை எங்க நிக்குது, மருமகன் எங்க போயிட்டு வர்றான்னு கேட்டு இனிமே எவ என் வீட்டு ஏணியில ஏறுவா? யாரும் ஏறலைன்னா ஊர்ல நடக்கிறது எனக்கு எப்படித் தெரியும்? அம்மாடி, நான் மூச்சு முட்டியே செத்துப்போவேன்.

— சின்னம்மா... அழாதீங்க சின்னம்மா. இந்தாங்க, தண்ணி குடிங்க.

— ஆ! பிடிச்சிட்டேன்.

— எதை?

— முடிவு எங்களுக்கு நல்லதா இருந்தா ‘சும்மா இருங்க, எல்லாம் சரியாப் போகும்’னு சிரிச்சிருப்பே. நீ தண்ணி குடுக்கிறே. சாவு வீட்டுலதான் தண்ணி குடுப்பாங்க. தாத்தா க்டாம் கல்லு. அப்படித்தானே?

— நான் ஒண்ணும் சொல்லலை!

— ஒண்ணும் சொல்ல வேணாம். உன் காது ரெண்டும் சிவந்துபோச்சு. ஐயோ, போச்சே! என் மானம் போச்சே!

— சரோம்! ஏ சரோம்! வீட்டுல இருக்கியா?

— வந்துட்டாரு பாரு. இருக்கேன் நெம் அண்ணே, எங்க போகப்போறேன்? என்ன இவ்வளவு பெரிய வைக்கோல் மெத்தை? அண்ணிக்குப் பிரசவமா?

— இந்த நக்கல் எல்லாம் மத்தியானம் வரைக்கும்தான். ஒரே பேச்சு. அந்தப் பொண்ணு சொல்லட்டும், தாத்தாவை ஏத்திக்கிட்டுப் போயிட்டே இருப்பேன். வயல் நடவுக்கு முன்னாடி அவரு எங்க ஊர்ல பன்னித்தலை சாப்பிடணும்.

— எங்க ஊர் மேளக்காரங்க வந்துட்டாங்க, உங்க ஊர் ஜனமும் குடில்கிட்ட குந்திருச்சு. சாப்பிடறீங்களா அண்ணே? மீன் குழம்பு, சேவை.

— ...ப்ராஹோக் போட்டதா?

— போடாம?

— வேணாம். முதல்ல காரியம். நட.

*

— எல்லாரும் உட்காருங்க! க்டாம் ஆளுங்க இந்தப் பக்கம், த்லோக் ஆளுங்க அந்தப் பக்கம். ஒரே பேச்சு, குறுக்கே யாரும் பேசக் கூடாது. மொலிகா, சொல்லும்மா.

— எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு ஊர்க் குன்னு, ரெண்டு ஊர்ப் பழைய உலை மேடு, ரெண்டு குடில்ல இருக்கிற இரும்பு, எல்லாத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். ரெண்டு முடிவு இருக்கு. முதல் முடிவு, இந்த த்லோக் குடில்ல இருக்கிற தாத்தா... ஆய்வுப்படி... அவருக்குள்ள இருக்கிற கிட்டம்...

— முடிச்சுச் சொல்லு பொண்ணே!

— க்டாம் குன்னுக் கல்லு.

— கேட்டீங்களா! கேட்டீங்களா! எங்க தாத்தன்! எங்க அப்பன் பாட்டன் சொன்னது பொய்யில்லை! டேய், வண்டியைப் பின்னால எடு! மெத்தையை விரி!

— மாமா, இருங்க, ரெண்டாவது முடிவையும்...

— ஒண்ணே போதும்மா! நாலு பேரு வாங்கடா, தூக்குங்க!

— தொடாதீங்க! தொட்டா கை வெந்துபோகும்! மேளம்! எங்கடா மேளம்? எதுக்கு வாயைப் பொளந்து நிக்கிறீங்க, அடிங்கடா மேளத்தை! அடி... இன்னும் வேகமா... ஆங்... ஆஆங்...

— சின்னம்மா? சின்னம்மா! நெம் மாமா, அவங்க உடம்பெல்லாம் ஆடுது!

— தள்ளி நில்லு பொண்ணே. தாத்தா வந்துட்டாரு. டேய், கட்டியைக் கீழ வைங்கடா. மெதுவா!

— ஹூம்... யார்ரா அது என்னைக் கக்கத்துல கை குடுத்துத் தூக்குறது? எனக்குக் கூச்சமா இருக்காதா? ஹூம்... சிகரெட்.

— இந்தாங்க தாத்தா. பத்த வெச்சிருக்கு.

— இது மட்டமான சிகரெட்டு. நீ குடிக்கிற நல்லதை எடு. மேல் பையில இருக்கு.

— ...இந்தாங்க.

— சாராயம்... ஹூம். இப்போ சொல்லு, பேரப்புள்ளைங்க எதுக்குக் கூடியிருக்கீங்க?

— தாத்தா, நீங்க எங்க க்டாம் குன்னுல பொறந்தவருன்னு மெஷின் சொல்லிடுச்சு. உங்களை வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போக வந்திருக்கோம்.

— மெஷின் பொய் சொல்லாது. அது நெருப்புல பொறந்தது, நானும் நெருப்புல பொறந்தவன். அது எனக்குத் தம்பி முறை. மெஷின் எப்பவும் பொய் சொல்லாது.

— அப்போ ஒத்துக்கிறீங்க!

— ஒத்துக்கிறேன். ஆனா நீ யாருடா கூட்டிக்கிட்டுப் போறதுக்கு?

— உங்க ஊர்த் தலைவன் தாத்தா.

— ஹூம். நீ எங்க பொறந்தே?

— ...அது எதுக்கு இப்போ?

— சபையில சத்தமாச் சொல்லு. இந்தப் பொம்பளை காது மந்தம்.

— இங்கதான். த்லோக்ல.

— அப்புறம் க்டாம்ல உனக்கு என்ன வேலை?

— கட்டிக்கிட்டுப் போனேன். நம்ம வழக்கப்படி மாப்பிள்ளைதானே பொண்ணு வீட்டுக்குப் போகணும்?

— நாளைக்கு த்லோக்காரங்க வைக்கோல் மெத்தை போட்டுக்கிட்டு வந்து, ‘நெம் எங்க ஊர்ல பொறந்தவன்’னு உன்னைக் கக்கத்துல கை குடுத்துத் தூக்கினா, வருவியா?

— ஐயோ வேணாம் தாத்தா, என் பொண்டாட்டி என்னை...

— எனக்கும் அதேதான்டா. நான் மாப்பிள்ளையா வந்தவன். இது என் மாமியார் வீடு. என்னைத் தூக்கிட்டுப் போனா என் பொண்டாட்டிக்கு யார் பதில் சொல்றது?

— கை தட்டாதீங்கடா! த்லோக்காரங்க எதுக்குக் கை தட்டுறீங்க? தாத்தா, இது என்ன புதுசா? எங்களுக்குத் தெரியாம எப்போ கல்யாணம்? பொண்ணு யாரு?

— மரியாதை இல்லாத பய! சபையில என் பொண்டாட்டி பேரைக் கேட்கிறே. நான் உட்கார்ந்திருக்கிறது எது மேல?

— மண்ணு மேல.

— எந்த ஊரு மண்ணு?

— த்லோக் மண்ணு.

— அவதான்.

— ...சரி. ஆனா இத்தனை வருஷமா நீங்களே ‘இந்த மண்ணு மகன்’னு சொன்னீங்களே. அது?

— வீட்டோட வந்த மாப்பிள்ளையை மாமியார்க்காரி மகனேன்னுதான் கூப்பிடுவா. உன் மாமியார் உன்னை மகனேன்னு கூப்பிட மாட்டாளா?

— அவ கூப்பிடறதை எல்லாம் சபையில சொல்ல முடியாது தாத்தா.

— ஹூம். பாவம். சரி, இன்னொண்ணு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பொண்ணு வீட்டுக்குச் சீர் கொண்டு வரணும். எனக்கு எவன் கொண்டு வந்தான்? என்னை வெறுங்கையோட அனுப்பிட்டு, இப்போ திருடிட்டாங்கன்னு பேச்சு வேறயா? இனிமே நடவுக்கு முன்னாடி வருஷா வருஷம் க்டாம்ல இருந்து த்லோக்குக்கு ஒரு முழுப் பன்னி வரணும். எங்கெல்லாம் மாப்பிள்ளை போயிருக்கானோ, அங்கெல்லாம் மாப்பிள்ளை ஊரு பன்னி தூக்கணும். இது என் வாக்கு. இன்னைக்கும் என்னைக்கும். மீறினா மழை கிடையாது.

— முழுப் பன்னியா? தாத்தா, தலை மட்டும்...

— வாலோட.

— ...கொண்டு வர்றோம் தாத்தா. ஒரே பேச்சு. கொண்டு வர்றோம்.

— ஹூம். நல்ல புள்ளை. நான் போறேன்... மேளத்தை நிறுத்து... அந்தச் சிகரெட் பாக்கெட்டை இங்கேயே வெச்சிட்டுப் போ...

*

— சின்னம்மா, இந்தாங்க, தண்ணி குடிங்க.

— அம்மாடி, தலை சுத்துதே. என்ன ஆச்சு? ஏன் எல்லாரும் சிரிச்சுக்கிட்டே போறாங்க? தாத்தாவைத் தூக்கிட்டாங்களா?

— தூக்கலை. அவரு மாப்பிள்ளையா வந்தவராம். இங்கேயே இருக்கப்போறாரு. உங்களுக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லையா?

— இருக்காதுன்னு காலையிலேயே சொன்னேன்ல? மாப்பிள்ளையா! பாரேன், நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே இத்தனை நாளா. பன்னி நல்லாக் கொழுத்ததா இருக்கணும்னு சொன்னாரா?

— அதைச் சொல்லலை.

— மறந்துட்டாரு போல. பரவாயில்லை, அடுத்த தடவை சொல்லுவாரு. நெம் அண்ணன் மூஞ்சி எப்படி இருந்துச்சு?

— பாவமா இருந்துச்சு. அதோ, வெறும் மெத்தையோட வண்டியைக் கிளப்புறாரு. இருங்க, அவரு போறதுக்குள்ள ரெண்டாவது முடிவைச் சொல்லிட்டு வந்துடறேன். மேளச் சத்தத்துல சொல்லவே விடலை.

— அது என்ன ரெண்டாவது?

— க்டாம் குடில்ல இருக்கிற சின்னக் கட்டி. அதுக்குள்ள இருக்கிற கிட்டத்துல மாங்கனீசே இல்லை, டைட்டானியம்தான் ஜாஸ்தி. அது உங்க த்லோக் குன்னுக் கல்லு சின்னம்மா. தாத்தா சொன்ன வாக்குப்படி பார்த்தா, அந்தச் சின்னவரு இங்கேயிருந்து போன மாப்பிள்ளை. அப்போ த்லோக்ல இருந்தும் வருஷா வருஷம் க்டாமுக்கு ஒரு முழுப் பன்னி போகணும். நெம் மாமா கேட்டா எவ்வளவு சந்தோஷப்படுவாரு! நெம் மாமா! ஒரு நிமிஷம் வண்டியை நிறுத்து... சின்னம்மா, ஏன் என் கையைப் பிடிக்கிறீங்க? ஏன் கண்ணு மேல சொருகுது? மேளமே அடிக்கலையே!

— ஹூம்... பேத்தி... உன் மெஷினுக்கு இன்னைக்கு உடம்பு சரியில்லை.