ரெண்டு சீட்டு காரு

குடையெல்லாம் வேணாம் தம்பி, தூத்தல்தானே லா. சாவியப் போட்டுறாதீங்க, கொஞ்சம் பொறுங்க. மொதல்ல இந்த பானெட்டுல கைய வச்சுப் பாத்துக்கிறேன். ம், சில்லுன்னு இருக்கு. சில பேரு என்ன பண்ணுவாங்கன்னா, வாங்க வர்றவன் வர்றதுக்கு முன்னாடியே இஞ்சின ஓட்டிச் சூடு பண்ணி வச்சிருவாங்க. சூடா இருந்தா எந்தக் கெழட்டுக் காரும் ஒழுங்காத்தான் கெளம்பும். நீங்க அப்படிப் பண்ணல. சரி.

பேரா? போன்லயே சொன்னேனே, சுந்தரம். கப்பல் சரக்கு வைக்கிற கிட்டங்கியில வேலை. வந்து எறங்குற பெட்டி உடைஞ்சிருக்கா, மூட்டை நனைஞ்சிருக்கான்னு பாத்து எழுதணும். அதனால எதப் பாத்தாலும் எங்க அடிபட்டிருக்குன்னு தேடுற புத்தி வந்திருச்சு. சேலை எடுக்கப் போனாக்கூட வெளிச்சத்துல பிடிச்சு ஓட்டை தேடுவேன். கடைக்காரன் முன்னாடி மானத்த வாங்குறீங்கன்னு எம் பொஞ்சாதி திட்டுவா.

எனக்கா? சேச்சே, இந்த வயசுல ரெண்டு சீட்டு காரு வச்சு நான் என்ன பண்ணப் போறேன். மகனுக்கு. ஆமா, மகன் ஒருத்தன் இருக்கான். அவனுக்கு வேலை, வர முடியல.

இது காந்தம், ஒண்ணுமில்ல. பெயிண்டச் சொரண்டாது, துணி சுத்தியிருக்கேன் பாருங்க. தகரம்னா பிடிச்சுக்கும், நசுங்கின எடத்துல மக்குப் பூசி பெயிண்டு அடிச்சிருந்தா வழுக்கி விழுந்துரும். ரோச்சோர்ல பட்டறை வச்சிருக்காரே காதர் மைதீன், அவர் சொல்லிக் குடுத்தது. அவரத் தெரியுமா உங்களுக்கு? தெரியுமா. ம். முன் மட்கார்டு நல்லாருக்கு. கதவும் நல்லாருக்கு. கால் வைக்கிற பாயத் தூக்கிப் பாக்கலாமா? நம்ம ஊரு மழைக்குத் துணிக் கூரை தாங்காது, தண்ணி எறங்கி அடித்தகரம் துருப்பிடிச்சுப் போயிரும், மேல பாத்தா மாப்பிள்ளை மாதிரி இருக்கும். பரவால்ல, காய்ஞ்சுதான் இருக்கு. நீங்களே தொடச்சு வைக்கிறீங்களா? வாரா வாரமா? நல்ல பழக்கம்.

இப்ப எடுங்க. நான் பின்னாடி போயி நிக்கிறேன், புகையப் பாக்கணும்.

வெள்ளையா வந்து நின்னிருச்சு. நீலமா வந்தா எண்ணெய் குடிக்குதுன்னு அர்த்தம். இது குடிக்கல. நீங்க குடிப்பீங்களா தம்பி? இல்ல, காருக்காகத்தான் கேக்குறேன். தண்ணி போட்டுட்டு ஓட்டுற ஆளுன்னா கிளச்சு சீக்கிரம் தேஞ்சிரும் பாருங்க. தீபாவளிக்கு ஒரு பீரு. அதுக்கு மேல இல்லையா. ம்.

நீங்களே ஓட்டுங்க. நான் இப்படி இடது பக்கம் உக்காந்துக்கிறேன், பக்கத்துல இருந்தாத்தான் சத்தம் கேக்கும். அடேயப்பா, எம்புட்டு தாழ்வா இருக்கு, ரோட்டுலயே உக்காந்த மாதிரி. ஜாலான் புசார் வழியா லேவண்டர் பக்கம் போவமா? செராங்கூன் ரோடு வேணாம். இல்ல, அங்க நம்ம ஆளுங்க நிறையப் பேரு நிப்பாங்க, கெழவன் சிவப்புக் காருல போறான்னு சிரிப்பாங்க.

இந்த சீட்டுல யாரு உக்காருவாங்க, வழக்கமா? இல்ல, ஸ்பிரிங்கு எறங்காம இருக்கே, அதான். யாரும் ஏறல. சரி, கட்டிக்கப் போற பொண்ணுகூடவா? அது வரமாட்டேங்குதா? யாராச்சும் பாத்தா அப்பாவுக்குத் தலைகுனிவுன்னு சொல்லிருச்சா. பஸ் ஸ்டாப்புல நின்னு பேசுறதோட சரியா. ம். இல்ல தம்பி, ஒண்ணுமில்ல, கண்ணுல தூத்தல் அடிச்சிருச்சு. ஜன்னல் தெறந்திருக்குல்ல.

ஏன் விக்கிறீங்கன்னு கேக்கலாமா? குவீன்ஸ்டவுன்ல அரசாங்க வீட்டுக்கு எழுதிப் போட்டிருக்கீங்களா. மொதப் பணம் கட்ட இதத்தான் விக்கணும். ஆசையா வாங்கின காரு, மனசு வந்துச்சா? அப்படியா. காரு போனா இன்னொண்ணு வரும்னு சொல்றீங்க. பொண்ணு வேதக்காரங்களா, மாதா கோயிலுக்குப் போறவங்களா? ஓ. அவங்க அப்பா ஒத்துக்கிட்டாரா? இன்னும் நேர்ல பாக்கலையா. வரச் சொல்லல. பொண்ணு என்ன சொல்லுது அவரப் பத்தி? நல்ல மனுசன்னா சொல்லுது. கோவப்பட்டாலும் நியாயமானவருன்னா. சரி சரி, நேராப் பாத்து ஓட்டுங்க.

இந்த நேர் ரோட்டுல ஸ்டீரிங்க ஒரு நிமிசம் விடுங்க பாப்போம். பயப்படாதீங்க, எதிர்ல லாரி ஒண்ணும் இல்ல. பாத்தீங்களா, ஒரு பக்கமா இழுக்கல. நேராப் போகுது. பிரேக்கு போடுங்க. நல்லா நிக்குது. திருப்பிக்கங்க தம்பி, போதும்.

இப்படியே அந்தக் கோப்பிக் கடை முன்னால நிறுத்துங்க. எனக்குப் பிடிச்சிருக்கு. வாங்கிக்கிறேன். அட, நிசமாத்தான். நீங்க சொன்ன விலைக்கே, பேரம் ஒண்ணும் பேசல. இந்தாங்க, அட்வான்சு கவரு, கையில பிடிங்க.

என்னாச்சு? ஏன் வாங்க மாட்டேங்கிறீங்க? பின்னாடி எதைக் காட்டணும்? அதான் எல்லாத்தையும் பாத்துட்டேனே. மழையில எறங்கச் சொல்றீங்களே.

ம்.

தெரியுது. ஒட்டு வச்சிருக்கு. காரோட அடிச் சட்டமே முறிஞ்சு ஒட்ட வச்சதா? இதுக்கு முன்னாடி வச்சிருந்த வெள்ளக்காரப் பட்டாளத்தான் சாங்கியில மரத்துல விட்டானா. உங்ககிட்ட அவன் சொல்லவே இல்லையா, வாங்கினதுக்கப்புறந்தான் தெரிஞ்சுச்சா. ஓட்டுறதுக்கு ஒண்ணும் செய்யாது, ஆனா சொல்லாம விக்க முடியாதுங்கிறீங்க. எம் மகன் வேகமா ஓட்டுற பையனா இருந்தா வேணாம்னு யோசிக்கச் சொல்றீங்க. விலையும் கொறைச்சுக்கிறேங்கிறீங்க. வீட்டுக்குக் கட்டப் பணம் பத்தாமப் போகுமே தம்பி? அது உங்க கவலையா. சரி.

கொஞ்சம் கடைக்குள்ள போயி உக்காருவோம். நான் ஒண்ணு சொல்லணும்.

அந்த ஒட்டு எனக்குத் தெரியும் தம்பி. போன வாரமே தெரியும். வச்சுக் குடுத்ததே காதர் மைதீன்தானே. அவர் பட்டறையில கோப்பி குடிச்சுக்கிட்டு, மருதப்பன்னு ஒரு பையன் காரு விக்கிறானாமே, எப்படின்னு கேட்டேன். காரக் கேக்குறியா பையனக் கேக்குறியான்னாரு. காருன்னேன். எல்லாத்தையும் சொன்னாரு. காந்தத்துக்கு அது சிக்காது, பாய்க்கு அடியிலயும் தெரியாது, தெரிஞ்சவன் சொன்னாத்தான் உண்டுன்னாரு. அதைக் கேட்டுட்டுத்தான் வந்தேன். நீங்க சொல்ல மாட்டீங்கன்னு நெனச்சேன். யாரு சொல்லுவா? வீட்டுக்குப் பணம் கட்டணும், வாங்க வந்தவன் கெழவன், ஒண்ணும் தெரியாதவன். கவர நீட்டினேன்ல, அப்ப வாங்கிப் பாக்கெட்டுல போட்டிருப்பீங்கன்னு வைங்க, நான் பேசாம எறங்கிப் போயிருப்பேன். அதுல காசு இல்ல தம்பி. வெறும் காகிதத்த மடிச்சு வச்சிருக்கேன். தெறந்து பாக்காதீங்க, எனக்கு அவமானமா இருக்கு.

எனக்கு மகனே கெடையாது. ரெண்டும் பொண்ணுங்க. பேரும் சுந்தரம் இல்ல, இயேசுதாசன். ஆமா. பிலோமினாவோட அப்பா.

உக்காருங்க, உக்காருங்க, எந்திரிச்சு நிக்காதீங்க. நீங்க எனக்கு மரியாத குடுத்தா நான் எங்க போயி மூஞ்சிய வச்சுக்கிறது. பொய் சொல்லுவீங்களான்னு பாக்க வந்தவன், வந்ததுல இருந்து பொய்யாப் பேசிக்கிட்டு இருக்கேன். கழுத்துல கெடந்த மாதா சுரூபத்தக் கழட்டிப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு வந்தேன், நீங்க கண்டுபிடிச்சிருவீங்களோன்னு. இருபது வருசமா அதக் கழட்டினதில்ல. எனக்குக் காரு ஓட்டவும் தெரியாது.

எதுக்குன்னு கேக்குறீங்களா? மூத்தவ இருக்கா, அல்போன்சா. அவளுக்கு எங்க வேதத்துலயே மாப்பிள்ளை பாத்தேன். பங்குச் சாமியாரு நல்ல பையன்னு சொன்னாரு, ஆபீசுல நல்ல பையன்னு சொன்னாங்க, பூசைக்கு மொத வரிசையில நின்னான். நானும் அலசி அலசித்தான் பாத்தேன். இப்பப் புள்ளையத் தூக்கிக்கிட்டு என் வீட்டுல இருக்கா, கையில தீக்காயத்தோட. அம்மாவப் பாக்க வந்திருக்கா, லீவுக்கு வந்திருக்கான்னு கோயில்ல கேக்குறவங்களுக்கெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறேன். இதுல சின்னவ வந்து, இந்து பையன்னு சொல்றா. ஊரு என்ன பேசும்னுதான் மொதல்ல தோணுச்சு தம்பி. அவ நல்லாருப்பாளான்னு தோணல. அத நான் இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல, எம் பொஞ்சாதிகிட்டகூட.

மாட்டேன்னு சொல்ல எனக்கு ஒரு காரணம் வேணும். அவ கெட்டிக்காரி, சாதி வேதம்னு சொன்னா எடுபடாது, அப்பா நீங்களா இப்படின்னு கேப்பா. அந்தப் பையன் என் கண்ணு முன்னாலயே பொய் சொன்னாம்மான்னு போயி நின்னா, அவளால ஒண்ணும் சொல்ல முடியாதுல்ல. அதுக்குத்தான் வந்தேன். உங்களச் சோதிக்க வந்தேன்னு நெனைக்காதீங்க, அது கௌரவமான வார்த்த. நீங்க தோத்துப் போகணும்னு வந்தேன்.

இல்ல, வேணாம் தம்பி, கையெல்லாம் பிடிக்காதீங்க. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு மத்தியானம் வீட்டுக்கு வாங்க. சாப்பிட வாங்க. உங்க அம்மாவையும் கூட்டிட்டு வாங்க. பிலோமினாகிட்ட இன்னைக்கு நடந்ததச் சொல்லணும்னா சொல்லுங்க, மறைக்கச் சொல்ற யோக்கியத எனக்கு இல்ல. இல்லன்னா நானே சொல்லிக்கிறேன். நல்ல மனுசன்னு சொல்லியிருக்கா பாருங்க, அதுக்காவது நான் சொல்லணும்.

கோப்பி வேணாம். ஒரு உதவி மட்டும் பண்ணுங்க. என்ன வீட்டுல விட வேணாம், போற வழியில மாதா கோயில் வாசல்ல எறக்கி விட்டுருங்க. இல்ல தம்பி, பூசை ஒண்ணும் இல்ல இப்ப. இங்க வர்றதுக்கு முன்னாடி அங்கதான் போயிட்டு வந்தேன். இந்தப் பையன் எங்கிட்டப் பொய் சொல்லிரணும் தாயேன்னு வேண்டிக்கிட்டு, பெரிய மெழுகுவத்தியா ஒண்ணு வாங்கிக் கொளுத்தி வச்சிட்டு வந்தேன். அது இன்னும் எரிஞ்சுக்கிட்டு இருக்கும்.