நாற்காலியில யாரு

இல்லீங்க, நீங்க சொல்ல வேண்டாம். உங்க பையன் எந்தப் பாட்டு பாடப் போறான்னு நான் கேட்டதே தப்பு. கேட்டுட்டுப் போய் என்ற புள்ளைக்குச் சொல்லிக் குடுத்துருவேனோன்னு உங்களுக்கு ஒரு நெனப்பு வரும். எனக்கா இருந்தா வந்திருக்கும். தேவாலாவுங்களா? அங்கிருந்து ஊட்டிக்கு வர்றதுன்னா இருட்டுலயே பஸ் ஏறியிருப்பீங்க. ஏனுங்க, பெட்டி டீச்சரைத் தெரியுமுங்களா உங்களுக்கு? குன்னூர்ல, சர்ச்சுல பாட்டு சொல்லிக் குடுக்கறவங்க. தெரியாதுன்னா சரி. தெரிஞ்சவங்களா இருந்தா நான் பேச்சை வேற பக்கம் திருப்பியிருப்பேன்.

நான் உமாமகேஸ்வரிங்க. வெலிங்டன்ல மிலிட்டரி ஆபீஸ்ல கிளார்க்கு. என்ற மக ராஜிக்கும் இன்னிக்கி இதே செலக்சன்தான். பாடிக்கிட்டே நடிக்கறதுக்கு பெங்களூர்ல ஒரு படிப்பாம். மொதல்ல அப்படி ஒரு காலேஜ் நெசமாவே இருக்குதான்னு போன் போட்டு விசாரிச்சேன். எடுத்தவன் ரொம்ப மரியாதையாப் பேசுனான். அதுவே எனக்குப் புடிக்கல.

ரெண்டு பாட்டு வேணுமில்லீங்களா, சிரிக்க வெக்கற மாதிரி வேகமா ஒண்ணு, மெதுவா ஒண்ணு. ராஜி கோயில்ல முருகன் பாட்டு எடுத்தான்னா மைக்கே வேண்டாம், ரோட்டுல போறவன் நின்னு கேட்டுட்டுப் போவான். அதையே பாடு கண்ணுன்னேன். அவளுக்குச் சொல்லிக் குடுக்கற பெட்டி டீச்சர்தான் வேண்டாம்னுட்டாங்க. அந்தப் பாட்டுல கொரல்தான் இருக்கு, ராஜி இல்லைன்னாங்களாம். என்ன பேச்சுங்க அது?

வேகமானது பரவால்ல. ஒரு சமையக்காரி குழம்பைத் தீய வெச்சுட்டு மொதலாளிகிட்ட என்னென்னமோ சொல்லிச் சமாளிக்கறா. நானே சிரிச்சேன். அந்த மெதுவானதுதான் எனக்கு ஆகல. இங்கிலீஷ் பாட்டு. பக்கத்துல இருக்கற ஆள்கிட்டப் பேசற மாதிரி முனகறதுதான் பூராம். இருக்கற தொண்டையை எதுக்குங்க அடக்கணும்? டீச்சரோட அண்ணன் பையன் லியோன்னு ஒருத்தன், அவன்தான் கீபோர்டு வாசிக்கறவன். அவன் வாசிக்கத் தோதா இருக்கட்டும்னு எடுத்து இவ தலையில கட்டிட்டாங்கன்னு நெனச்சேன்.

ஊட்ல காலி நாற்காலி ஒண்ணைப் போட்டு, அதைப் பாத்துத்தான் பாடுவா. நெசமான ஒரு ஆளை அதுல உக்கார வெச்சதா நெனச்சுக்கணுமாம், அப்பத்தான் பாட்டு வருமாம். யாரை உக்கார வெச்சிருக்கேன்னு கேட்டேன். அதைச் சொல்லக் கூடாதும்மா, சொல்லிட்டா பாட்டு போயிரும்னா. எப்படி இருக்கும் எனக்கு? என்ற ஊட்டு நடுவுல ஒரு ஆளு உக்காந்திருக்கான், யாருன்னு எனக்கு மட்டும் தெரியல.

அவளுக்குத் தெரியாம செல்லுல புடிச்சுட்டுப் போயி ஆபீஸ்ல விஜயபாஸ்கர் சாருகிட்டப் போட்டுக் காட்டினேன். அவரு இங்கிலீஷ் நல்லாத் தெரிஞ்ச மனுசன். ஊட்டை விட்டுப் போற பொண்ணு பாடறது மேடம்னாரு. கதவை மெதுவாச் சாத்தறேன், நீ எந்திரிக்காதே, எனக்காக முழிச்சிருக்காதேன்னு வருதாம். யாருகூடப் போறாளாம்னு கேட்டேன். அது பாட்டுல இல்லைன்னாரு. இல்லாம இருக்குமுங்களா?

நேராப் போனேன் சர்ச் ஹாலுக்கு. மொதல்ல ஜன்னல்கிட்ட நின்னு பாத்தேன். அங்கயும் நாற்காலி. லியோ வாசிக்கறான், இவ பாடறா, கண்ணுல தண்ணி ஊத்துது. உள்ள போயி, அத்தனை புள்ளைங்க முன்னாடியும் கேட்டேன். இவனுக்காகத்தானேன்னு. கேக்கறது தப்புங்களா? நீங்க ஏன் அப்படிப் பாக்கறீங்க? உங்களுக்குப் பொண்ணு இருக்குதுங்களா? இல்லைல்ல.

அந்தப் பையன்தான் எந்திரிச்சான். ஆன்ட்டி, ராஜி உங்களைத்தான் அதுல உக்கார வெச்சிருக்கான்னான். முன்னாடியே பேசி வெச்ச பதிலுங்க அது. என்னைய எதுக்கு உக்கார வெக்கணும்? நாந்தான் முழுசா ஊட்லயே இருக்கறனே. ராஜி என்னையப் பாக்கவே இல்ல. ஏன் லியோ சொன்னே, இனி எனக்கு அது வராதேன்னு அவன்கிட்டச் சொன்னா. கோவமாக்கூடச் சொல்லல. அதுதான் என்னமோ மாதிரி ஆயிருச்சு எனக்கு.

இருங்க, உள்ள பாட்டு கேக்குது. ஆமா, அவதான்.

இது அந்தப் பாட்டு இல்லீங்க. சமையக்காரி பாட்டும் இல்ல. தமிழா இருக்கு, எனக்குத் தெரியாத பாட்டு. எப்பக் கத்துக்கிட்டா இதை? நல்லாப் பாடறாளா? நீங்க சொல்லுங்க, எனக்கு ஒண்ணும் புடிபடல.

ஊட்ல பாடிப் பாக்கலையான்னா, எனக்கெப்படிங்க தெரியும்? அன்னிக்கே துணிமணியை எடுத்துட்டு டீச்சர் ஊட்டுக்குப் போயிட்டாளே. உங்ககிட்டச் சொல்லலைங்களா? பாட்டுல வர்ற மாதிரியே போயிட்டா. அப்ப நான் சந்தேகப்பட்டது சரியாத்தானுங்க போச்சு? இன்னிக்கி நான் லீவு போட்டு வந்திருக்கறதும் அவளுக்குத் தெரியாது. அந்தத் தூணுக்குப் பின்னால நின்னு, உள்ள போறதைப் பாத்துட்டுத்தான் உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன்.

முடிஞ்சிருச்சாட்ட இருக்குது. நான் கீழ டீக்கடைகிட்ட நிக்கறேன். மஞ்சச் சுடிதார் போட்டிருக்கா, ஒல்லியா இருப்பா. கூட லியோ வர்றானான்னு பாத்துச் சொல்லுங்க. பாடுனது என்ன பாட்டும்மான்னு நீங்களாக் கேக்கற மாதிரிக் கேளுங்க. சாப்பிட்டாளான்னும் ஒரு வார்த்தை கேட்டுருங்க. சொல்லறப்ப மூஞ்சியப் பாத்துக்கங்க, சாப்பிடலைன்னாலும் சாப்பிட்டேன்னுதான் சொல்லுவா.