அமுக்காமல் திறந்த மூடி

— அமுக்காதே அக்கா. சும்மா திருகு.

— திருகினேன். திறந்துக்கிச்சு! எப்படிடா? அமுக்கித் திருகினாதானே நம்ம மூடி திறக்கணும்?

— அதான் காலையிலேர்ந்து மண்டையைக் குடையுது. குடோன்ல புது பாட்டில் நாற்பதைத் திருகிப் பார்த்தேன். ஒண்ணுகூடத் திறக்கல. நம்மகிட்ட வாங்கி, பையன் கையில கொட்டிக்கிட்டான்னு ஒரு அம்மா திருப்பி அனுப்பின இது மட்டும் திறக்குது.

— அந்தப் பையன் கை எப்படி இருக்கு?

— வெந்துபோச்சு. மூணு வயசு. நல்லவேளை, வாயில வைக்கல. ஆறிடும்னு டாக்டர் சொன்னாராம்.

— சிங்க் அடைப்பு எடுக்கிற மருந்து, எட்டாத இடத்துல வைங்கன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கோம். மூடியும் அரசாங்க சோதனையில பாஸ். சட்டப்படி நம்ம மேல ஒரு தூசி விழாது.

— விழாது. ஆனா சோதனைக்கு எதை ஊத்தி அனுப்பினோம்?

— தண்ணி. குழந்தைங்க கையில குடுத்துப் பார்க்கிறது, மருந்தையா ஊத்துவாங்க? விதியே அப்படித்தான்.

— அங்கதான் கோட்டை விட்டோம்! இங்க பாரேன், மூடியைக் குறுக்கே அறுத்திருக்கேன். உள்ளே ஒண்ணு, வெளியே ஒண்ணு. அமுக்கலேன்னா வெளிமூடி வெட்டியா சுத்தும். அமுக்கினா பல்லும் பல்லும் கோத்துக்கும். நடுவுல வெள்ளையா என்ன தெரியுது?

— உப்பு மாதிரி.

— நம்ம மருந்துதான். ஊத்தும்போது கழுத்துல வழிஞ்சு, இடுக்குல ஏறிக் காய்ஞ்சு, ரெண்டு மூடியையும் ஒட்டிடுச்சு. தண்ணி காய்ஞ்சா ஒண்ணும் மிஞ்சாது. சோதனையில எப்படித் தெரியும்?

— உன் பிரசங்கம் முடிஞ்சுதுன்னா, சரிபண்ண வழி சொல்லு.

— கழுத்துல சின்ன மூக்கு வைக்கலாம். வழியிற சொட்டு உள்ளேயே திரும்பிடும். பத்து நாள்ல அச்சு ரெடி.

— பிரமாதம். அடுத்த சரக்குலேர்ந்து மூக்கு. வாசல்ல நிக்கிற லோடு கிளம்பட்டும்.

— அக்கா! அதுல பழைய மூடிதானே இருக்கு?

— சட்டத்துல தடை இருக்கா?

— இல்ல. ஆனா நாலு தடவை ஊத்தினா ஒவ்வொண்ணும் இந்தக் கதிதான். நேத்துவரை நமக்குத் தெரியாது, சரி. இன்னிக்கு? தெரிஞ்சே அனுப்பணும்னா வேற ஆளைப் பாரு. நான் கேட்டைத் திறக்க மாட்டேன்.

— ரோஷத்துக்குக் குறைச்சலில்ல. லாரியை நிறுத்திட்டா உன் மனசு ஆறிடுமா?

— வேற என்ன செய்யணும்?

— மூணு மாசமா வித்தது எங்கே இருக்கு?

— வீடுகள்ல... அதைத் திரும்ப வாங்கச் சொல்லி எந்தச் சட்டமும் கேக்கலையே அக்கா?

— கேக்கல. லோடை இறக்கச் சொல்லு. லாரி காலியா போய், கடையில இருக்கிறதையும் ஜனங்க வீட்டுலேர்ந்து கொண்டுவந்து குடுக்கிறதையும் ஏத்திக்கிட்டு வரட்டும். ஏன் வாங்குறோம்னு ஒவ்வொரு கடை வாசல்லயும் நானே எழுதி ஒட்டுறேன்: "இந்த மூடியைக் குழந்தை திறக்கும்."