ரெண்டு மூடி மேங்கோ எசன்ஸ்

அமுதவள்ளி: பெட்டியத் தொறங்க.

கிஷன்: என்னாது?

அமுதவள்ளி: நாற்காலிக்கு அடியில காலால தள்ளி வச்சிருக்கீங்களே, அந்தப் பெட்டி. தொறங்க.

கிஷன்: பாஸ்... உங்க ஆபீஸ் பொண்ணு என்னமோ கேக்குது பாஸ்.

கார்த்திகேசு: அமுதவள்ளி! வேலைக்கு வந்த மொத நாளே உனக்கு என்ன சொன்னேன்?

அமுதவள்ளி: ஏர்கான் ரிமோட்டத் தொடாதேன்னு சொன்னீங்க அங்கிள்.

கார்த்திகேசு: அது ரெண்டாவது. மொதல்ல?

அமுதவள்ளி: கஸ்டமர்கிட்ட பெட்டியத் தொறக்கச் சொல்லவே கூடாதுன்னு.

கார்த்திகேசு: ஆங்! கிள்ளான்ல இத்தன வருஷமா கப்பல் சரக்க எறக்கிக் குடுக்கிற ஃபார்வர்டிங் கம்பெனி நடத்துறேன். ஒருத்தன் பெட்டிய ஒருநாளு தொறக்கச் சொன்னதில்ல. என்ன சாமான்னு அவன் சொல்றானோ, அதக் கஸ்டமுக்கு, சுங்கத்துக்கு எழுதி அனுப்புவோம். சொன்ன வரியக் கட்டுவோம். லோரில ஏத்துவோம். முடிஞ்சிச்சு.

அமுதவள்ளி: எழுதுறது நானு. அடியில இருக்கிற பேரும் என்னுது.

கிஷன்: தங்கச்சி, ஒண்ணும் இல்லலா. கேக் எசன்ஸ். போன மாசம் எறக்குனோமே, அதே சரக்கு. பாக்கறதுக்கு ஒரு பெட்டி கொண்டாந்தேன். இந்த வாட்டியும் அதையே எழுதிடு. சரக்கு போர்ட்ல வந்து நிக்குது.

அமுதவள்ளி: பாக்கறதுக்குக் கொண்டாந்தீங்க. பாக்கறேன், தொறங்கன்னா முழிக்கிறீங்க.

கிஷன்: பெட்டியப் பாத்தா போதாதா? வெளியிலேயே எழுதியிருக்கு. மேங்கோ, லைச்சி, ஸ்ட்ராபெரி...

அமுதவள்ளி: உங்களுக்கு பிரிக்பீல்ட்ஸ்ல பேக்கரி இருக்கா அண்ணே?

கிஷன்: பேக்கரி... மாதிரி.

அமுதவள்ளி: எந்த மாதிரி?

கிஷன்: சின்னதா...

அமுதவள்ளி: கழுத்துல கயிறு போட்டுத் தொங்க விட்டிருக்கீங்களே, அதுவும் கேக்கா?

கிஷன்: இது என்னோட சொந்த வேப் சிகரெட்டு. நான் ஊதுறதுக்கும் கடைக்கும் என்ன சம்பந்தம்?

கார்த்திகேசு: நீ என்ன போலீஸா? டிகிரி வாங்குனா கேள்வி கேக்கணும்னு யுனிவர்சிட்டில சொல்லிக் குடுத்துட்டானுங்களா?

அமுதவள்ளி: கேள்வி கேக்கச் சொல்லிக் குடுக்கல அங்கிள். படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லிக் குடுத்தாங்க.

கார்த்திகேசு: லோரி டிரைவர் மக. உன் வம்சத்துலேயே மொத டிகிரி. அந்த கஸ்டம் ஏஜென்ட் பரீட்சைக்கு உன்ன அனுப்புனது யாரு? ஃபீஸ் கட்டுனது யாரு?

அமுதவள்ளி: நீங்கதான். மாசாமாசம் என் சம்பளத்துல பிடிச்சது யாருன்னும் சொல்லிடுங்க.

கிஷன்: ஹஹ்... சாரி பாஸ். சிரிக்கல.

கார்த்திகேசு: அந்த பரீட்சைல நீ பாஸ் பண்ணதாலதான் இந்த ஆபீஸுக்கு லைசென்ஸ் ஓடுது, தெரியும்ல? உன்ன நம்பித்தானே உன் சர்ட்டிஃபிகேட்ட ஃப்ரேம் போட்டு என் தலைக்கு மேல மாட்டி வச்சிருக்கேன்?

அமுதவள்ளி: அதனாலதான் சொல்றேன். கஸ்டம்காரன் பெட்டியத் தொறந்தா உங்களத் தேட மாட்டான், கிஷன் அண்ணனத் தேட மாட்டான். அமுதவள்ளி, த.பெ. அய்யாவு, எங்கன்னுதான் கேப்பான். நீங்க தொறக்கல, நான் தொறக்கறேன். கால எடுங்க.

கிஷன்: ஏய், ஏய்... கத்தரிக்கோல எங்கேருந்து எடுத்த? பாஸ், பாத்துக்கிட்டே உக்காந்திருக்கீங்க!

கார்த்திகேசு: தொறக்கட்டும் விடு. உள்ளயும் எசன்ஸ்னுதான் ஒட்டியிருக்கு. பாக்கட்டும்.

அமுதவள்ளி: ம்ம். மேங்கோ எசன்ஸ். அழகா மாம்பழப் படம். கேக் படம். அதுக்கு மேல ஒரு மெழுகுவத்தி வேற.

கார்த்திகேசு: பாத்தாச்சுல்ல? போய் எழுது.

அமுதவள்ளி: ஸ்டிக்கர் ஓரத்துல தூக்கிக்கிட்டு இருக்கே...

கிஷன்: உரிக்காத!

அமுதவள்ளி: ...அடியில இன்னொரு ஸ்டிக்கர். அறுபது மில்லி. நிக்கோட்டின். பிள்ளைங்க கைக்கு எட்டாம வைக்கணும்னு ஒரு வரி. கேக்க யாரு அண்ணே சாப்பிடுவா, பெரியவங்க மட்டுமா?

கிஷன்: சரிலா, வேப் லிக்விட்தான்! என்ன இப்போ? ஊரே ஊதுது!

அமுதவள்ளி: ஊதட்டும். வரி கட்டிட்டு ஊதட்டும்.

கிஷன்: மில்லிக்கு நாப்பது சென் தங்கச்சி! ஒரு பாட்டிலுக்கு இருபத்தி நாலு வெள்ளி. நான் சீனாவுலேருந்து வாங்குற வெலையே அதுல பாதி. அதுக்கு மேல சேல்ஸ் டேக்ஸ். அப்புறம் சுகாதார அமைச்சுல பதிவு. இதெல்லாம் பண்ணிட்டு நான் என்னத்த விப்பேன்? கடைக்கு வெளிய நின்னு சுண்டல் விக்கவா?

அமுதவள்ளி: மத்தவங்க விக்கலையா?

கிஷன்: அதே தெருவுல இன்னொருத்தன் பாதி வெலைக்கு விக்கிறான்.

அமுதவள்ளி: அவனும் கேக் எசன்ஸா?

கிஷன்: இல்ல. அவன் ஷாம்பூ.

அமுதவள்ளி: எசன்ஸ்னு ஒட்டுற யோசன யாருது?

கிஷன்: பாஸுதுதான். சீனாவுலேயே ஒட்டி அனுப்பச் சொன்னாரு. கடையில நாங்க உரிச்சிடுவோம்.

கார்த்திகேசு: வாய மூடுடா.

அமுதவள்ளி: அப்போ போன மாசம் நான் எழுதுனது பொய். தெரிஞ்சே என்னை எழுத வச்சிருக்கீங்க.

கார்த்திகேசு: உனக்குத் தெரியாதுல்ல? தெரியாம எழுதுனா அது பொய் இல்ல. உன் நல்லதுக்குத்தான் சொல்லல. யாருகிட்டயும் சொல்லல. என் பொண்டாட்டிக்கே தெரியாது, அவகிட்டயும் கேக் எசன்ஸுன்னுதான்... இரு, அவதான் கூப்பிடுறா. ஹலோ!

அமுதவள்ளி: ஸ்பீக்கர்ல இருக்கு அங்கிள்.

கார்த்திகேசு: இருக்கட்டும், காதுல வச்சா எனக்குக் கேக்காது. சொல்லு புஷ்பம்.

புஷ்பவல்லி: என்னாங்க, உங்க காருக்குப் பின்னாடி பூட்ல மேங்கோ எசன்ஸ் கெடந்துச்சே, இன்னும் இருக்கா?

கார்த்திகேசு: ...என்ன எசன்ஸ்?

புஷ்பவல்லி: நீங்க எறக்குறதா சொல்லுவீங்கள்ல, கேக் எசன்ஸ். சும்மாதானே கெடக்குதுன்னு ஒரு பாட்டில் எடுத்தேன். நேத்து கேசரில ரெண்டு மூடி ஊத்துனேன். வாசம்னா வாசம், அப்பிடி ஒரு வாசம்!

கார்த்திகேசு: ஊத்துனியா?

புஷ்பவல்லி: ஊத்தாம? நாக்குல கொஞ்சம் காட்டமா இருந்துச்சு. அதான் வேற ஃபிளேவர் இருக்கான்னு கேக்கறேன். மேங்கோ எனக்கு ஒத்துக்கல போல, ராவெல்லாம் ஒரே வாந்தி.

கார்த்திகேசு: எனக்கு ஏன்டி சொல்லல!

புஷ்பவல்லி: உங்களுக்குத்தான் சக்கர வியாதியாச்சே, கேசரிய உங்க கண்ணுல காட்டுவேனா? ஏன் கத்துறீங்க?

அமுதவள்ளி: ஆன்டி, நான் அமுதா பேசறேன். வேற யாரு சாப்பிட்டா? பிள்ளைங்க யாராச்சும்...

புஷ்பவல்லி: பிள்ளைங்க யாரும் இல்லம்மா. உங்கப்பாதான் சாப்பிட்டாரு. லோரி சாவி குடுக்க வந்தாருல்ல? அய்யாவு அண்ணனுக்குக் கேசரின்னா உசுராச்சேன்னு ரெண்டு தட்டு வச்சேன்.

அமுதவள்ளி: அப்பாவா? ரெண்டு தட்டா?

புஷ்பவல்லி: ஏம்மா? நல்லா இருக்காருல்ல?

அமுதவள்ளி: நேத்து வீட்டுக்கு வர வழியில மோட்டார் சைக்கிள ஓரங்கட்டிட்டு வாந்தி எடுத்தாரு ஆன்டி. கை நடுங்கிச்சு. சுகர் கொறஞ்சிடுச்சுன்னு நெனச்சு நான் சீனித் தண்ணி கரைச்சுக் குடுத்தேன்... மிச்சம் இருந்தா தொடாதீங்க. பாட்டில எடுத்துக்கிட்டு இப்பவே கிளினிக்குப் போங்க. அது எசன்ஸ் இல்ல.

புஷ்பவல்லி: எசன்ஸ் இல்லையா? பின்ன என்னா?

அமுதவள்ளி: அங்கிள் சொல்லுவாரு.

புஷ்பவல்லி: என்னாங்க அது?

கார்த்திகேசு: நீ கிளினிக்குப் போ. நான்... வந்து சொல்றேன்.

புஷ்பவல்லி: கேக் எசன்ஸ்னு நீங்கதானே சொன்னீங்க! என்னத்தங்க ஊத்துனேன் நான்? ஹலோ? ஹலோ...

கிஷன்: வச்சிட்டீங்களா பாஸ்?

கார்த்திகேசு: வச்சிட்டேன்.

அமுதவள்ளி: புருஷன் சொன்னத நம்பி அவங்க ஊத்துனாங்க. மொதலாளி சொன்னத நம்பி நான் எழுதுனேன். எங்கப்பாதான் பாவம், எதையும் நம்பல. தட்டுல வச்சாங்க, தின்னாரு.

கார்த்திகேசு: அமுதவள்ளி, உக்காரு மா.

அமுதவள்ளி: காலையில அவரு லீவு கேட்டாரு. நீங்க என்ன சொன்னீங்க? "ஓசிக் கேசரின்னு வயிறு முட்டத் தின்னா அப்பிடித்தான்"னு சொன்னீங்க. சிரிச்சீங்க.

கார்த்திகேசு: எனக்கு என்ன தெரியும்? சரி, டாக்டர் செலவு என்னுது. உங்கப்பன் ரெண்டு நாளு வீட்டுல இருக்கட்டும். நடந்தது நடந்துபோச்சு. இந்த ஒரு சரக்க மட்டும்...

அமுதவள்ளி: இன்னுமா எசன்ஸ்?

கார்த்திகேசு: கடைசி வாட்டி.

அமுதவள்ளி: உங்க வீட்டுல பொண்டாட்டி ராவெல்லாம் வாந்தி எடுத்திருக்கு அங்கிள்!

கிஷன்: தங்கச்சி, நான் மூணு மில்லிகிராம் நிக்கோட்டின்தான் எறக்குறேன். ஸ்ட்ராங்கானது இல்ல. அதனால ஒண்ணும் ஆகாது...

அமுதவள்ளி: அப்போ இந்தாங்க. ரெண்டு மூடி. குடிங்க.

கிஷன்: அத ஏன் என் வாய்க்கு நேரா நீட்டுற?

அமுதவள்ளி: குடிங்க அண்ணே. ஒண்ணும் ஆகாதுல்ல?

கிஷன்: பொண்ணா இது...

கார்த்திகேசு: எந்திரிச்சு எங்க போற? யோசிச்சுப் பண்ணு. உங்கப்பன் என் லோரியத்தான் ஓட்டுறான். நீ இந்த வாசலத் தாண்டுனா அவன் நாளைக்கு...

அமுதவள்ளி: அத அவருகிட்டயே சொல்லுங்க. மொதல்ல அவரு வயித்துக்குள்ள என்ன போச்சுன்னு சொல்லுங்க. அப்புறமா வேலைய விட்டு நிறுத்துங்க.

கிஷன்: அந்த பாட்டில வச்சிட்டுப் போ!

அமுதவள்ளி: இது டாக்டர்கிட்ட காட்ட. அப்பாவக் கூட்டிக்கிட்டு கிளினிக்கு. அங்கேருந்து கஸ்டம் ஆபீஸ். போன மாசம் எழுதுனது பொய்னு நானே போய் சொல்லணும்.

கார்த்திகேசு: உன்னையும் சேத்துத்தான் பிடிப்பாங்க, பைத்தியம்!

அமுதவள்ளி: தெரியும். அதுக்குத்தான் அவங்க பிடிக்கிறதுக்கு முன்னாடி நானே போறேன்.

கார்த்திகேசு: போ! போலா! நீ இல்லாட்டி இந்த சரக்கு எறங்காதா? எசன்ஸுன்னே எழுதி எறக்குறேன் பாரு!

அமுதவள்ளி: இந்த சரக்குக்கு எழுதியாச்சு அங்கிள்.

கார்த்திகேசு: என்ன?

அமுதவள்ளி: காலையிலேயே அனுப்பிட்டேன். வேப் லிக்விட், நிக்கோட்டினோட. மில்லிக்கு நாப்பது சென். கட்டுனாத்தான் வெளிய வரும்.

கிஷன்: பாஸ்! என்ன பாஸ் சொல்லுது இது?

கார்த்திகேசு: அப்போ எதுக்கு பெட்டியத் தொறக்கச் சொன்ன? எதுக்கு இந்த நாடகம்?

அமுதவள்ளி: ஒரு சந்தேகத்துல சனிக்கிழம பிரிக்பீல்ட்ஸ் கடைக்குப் போனேன். கிஷன் அண்ணன்தான் கல்லாவுல இருந்தாரு. என் கண்ணு முன்னாடியே எசன்ஸ் ஸ்டிக்கர உரிச்சுப் போட்டுட்டு, "லைச்சி நல்லா இருக்கும் தங்கச்சி"ன்னு குடுத்தாரு. மூஞ்சி மறந்துபோச்சு அவருக்கு.

கிஷன்: ஐயோ, அலமாக்... அந்தத் தொப்பிப் பொண்ணு!

அமுதவள்ளி: ரெண்டு பேருல ஒருத்தராவது உண்மையச் சொல்லுவீங்களான்னு பாத்தேன். சொல்லியிருந்தா கொஞ்ச நேரம் உக்காந்து பேசியிருப்பேன். ஆனா கஸ்டம் ஆபீஸுக்குப் போறது போறதுதான்.

கார்த்திகேசு: எங்க போனாலும் உன் சர்ட்டிஃபிகேட் என் சுவத்துல தொங்குது. மறந்துடாத!

அமுதவள்ளி: திரும்பிப் பாருங்க அங்கிள். காலையிலேருந்து உங்க தலைக்கு மேல தொங்குறது மாரியாயி மளிகைக் கட காலண்டர். சர்ட்டிஃபிகேட் என் பையில இருக்கு. ஏர்கான் ரிமோட்ட மட்டும் நான் தொடல.