நனையாத பாய்

நாய்க்குட்டியை அடிக்காமலே பழக்கலாம், துபாசி ஐயா. பாகூரில் யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். நீங்கள் நம்பவேண்டும் என்பதில்லை, நான் சொல்வதைத் துரைக்குப் பிரெஞ்சில் எடுத்துச் சொன்னால் போதும். என் பெயர் விருத்தாம்பாள். ஏரிக்கரைத் தெரு. வீட்டுக்காரர் பெயரை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உயிரோடு இருந்தபோதும் நான் அதை வாயால் சொன்னதில்லை, செத்தபிறகு எதற்குப் புதுப் பழக்கம். அந்தச் செம்புத் தண்ணீர் எனக்கு வேண்டாம். எடுத்து அப்பால் வைத்துவிடுங்கள்.

குட்டி புதுச்சேரியிலிருந்து வந்தது. கடற்கரைப் பக்கத்தில் ஒரு துரை வேலை முடிந்து சீமைக்குக் கப்பலேறினார். எங்கள் வீட்டுக்காரர் அவர் வீட்டுக்கு அரிசியும் வெல்லமும் அனுப்பிக்கொண்டிருந்தவர். போகும்போது துரைசானி கண்ணைத் துடைத்துக்கொண்டே குட்டியை இவர் கையில் கொடுத்தாளாம். வெள்ளை வெளேரென்று, கண்ணை மூடுகிற மாதிரி சடைசடையாக மயிர். வளர்ந்தாலும் பூனையைத் தாண்டாத ஜாதி என்றார்கள். துரைசானி வைத்த பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை, பிச்சு என்று கூப்பிட்டோம். எங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்சவள்ளி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, நாயா, பஞ்சு மூட்டையா?" என்று சிரித்தாள்.

வந்த அன்றே கூடத்தில் ஒன்றுக்குப் போனது. மறுநாளும் போனது. அவர் இடது கையால் அதன் பிடரியைப் பிடித்து, ஈரத்தில் மூக்கை வைத்துத் தேய்ப்பார். பிறகு கரும்புக் கழியால் நாலு போடுவார். "இப்டித் தேய்ச்சாத்தாண்டி இதுக்கெல்லாம் புத்தி வரும். பாத்துக்க," என்பார். நான் பார்த்துத் தெரிந்துகொள்ளவேண்டியது ஒன்றும் இல்லை. கல்யாணமான மறுவருஷம் எனக்குக் கரு கலைந்து கூடமெல்லாம் ரத்தமானது. மருத்துவச்சி வருவதற்குள் என் தலைமயிரைப் பிடித்து முகத்தைத் தரையோடு வைத்து, "வூட்ட நாசம் பண்ணிட்டியேடி, நீயே தொட," என்றார். துடைத்தேன். அதற்குப் பிறகு எனக்கு வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. இதைக் காரணம் என்று நான் சொல்லவில்லை. பேச்சோடு பேச்சாக வந்தது. துரை இதை எழுதாமல் விட்டாலும் பரவாயில்லை.

குட்டி ஏன் வீட்டுக்குள்ளேயே போகிறது என்று யோசித்துப் பார்த்தேன். புதுச்சேரி வீட்டில் தரை வழவழவென்று கல்லாக இருக்கும். மண்ணும் சாண வாசனையும் அங்கே லாயத்துப் பக்கம்தான். துரைசானி அதை அங்கே கொண்டுபோய் விட்டுப் பழக்கியிருப்பாள். எங்கள் வீட்டிலோ வெள்ளிக்கிழமைதோறும் செங்கல் தரை முழுக்கச் சாணம் போட்டு மெழுகுகிறோம். அதன் மூக்குக்கு எங்கள் கூடமே லாயம். நாங்கள் சுத்தம் என்று மெழுக மெழுக, அது இதுதான் இடம் என்று எண்ணிக்கொண்டது. அடி வாங்கினதோ அது.

நான் கூடத்தில் மெழுகுவதை நிறுத்தினேன். வெறும் தண்ணீர் விட்டுத் துடைத்தேன். கொல்லையில் முருங்கை மரத்தடியில் ஒரு பாய் அகலத்துக்குச் சாணம் மெழுகினேன். "வெள்ளிக்கெயமயும் அதுவுமா வூட்ட மெழுவாம, நாய்க்கு மெழுவுறியேம்மா, லச்சுமி தங்குவாளா?" என்று அம்சவள்ளி தலையில் அடித்துக்கொண்டாள். குட்டி தின்றதும் அங்கே கொண்டுபோய் விடுவேன். தூங்கி எழுந்ததும் விடுவேன். போனால் தலையைத் தடவி ஒரு துணுக்கு வெல்லம். போகாவிட்டால் திட்டமாட்டேன், நிற்பேன். பொழுது சாய்ந்ததும் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடுவேன். உள்ளே போகாதது வெளியே வராது, இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கொஞ்ச நாளில் அதுவே கொல்லைக் கதவைச் சுரண்டிக்கொண்டு நிற்க ஆரம்பித்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். என் சொல் கேட்ட முதல் ஜீவன் அது.

மாசி மாசம் கரும்பு வெட்டு நடக்கும்போது அவர் வயலிலேயே விழுந்தார். வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. இடது கையும் கண்ணும் மட்டும் மிச்சம். வைத்தியர் வந்து நாடி பிடித்துப் பார்த்து, "கஞ்சியும் தண்ணியும் நெறையக் குடும்மா. வெயில் காலம் வருது, வறள விட்டுடாத. நல்லாப் பாத்துக்கிட்டா வருசக்கணக்கா இருப்பாரு," என்றார். வறளவிடக் கூடாது என்றதையும் கேட்டேன். வருஷக்கணக்கில் என்றதையும் கேட்டேன்.

கூடத்தில் கட்டிலைப் போட்டுப் பாய் விரித்தோம். நாள் முழுக்க நனைத்துக்கொண்டே இருந்தார். நான் மூக்கைத் தேய்க்கவில்லை, கழியைத் தொடவில்லை. அந்த முறை எனக்குப் பிடிக்காது. குட்டிக்குச் செய்ததைத்தான் செய்தேன். கஞ்சி கொடுத்ததும் ஒன்றுக்குப் போகச் சட்டியை வைத்துக்கொண்டு நிற்பேன். நனையாத நாளில் அவர் நாக்கில் ஒரு துணுக்கு வெல்லம் வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினால் சட்டி வேண்டும் என்று பொருள், அதைச் சொல்லிக்கொடுத்தேன். வேறு எதற்குத் தட்டினாலும் போகமாட்டேன். ஒரு சைகைக்கு இரண்டு பொருள் வைத்தால் பழகுகிற ஜீவன் குழம்பிப்போகும்.

பொழுது சாய்ந்ததும் தண்ணீரை நிறுத்தினேன். பாய் கொஞ்சம் காய்ந்தது. பிறகு மத்தியானத்துக்கே நிறுத்தினேன். இன்னும் நன்றாகக் காய்ந்தது.

அவர் தங்கை செங்கமலம் ஏம்பலத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு பார்க்க வந்தாள். பாயைத் தடவிப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "எங்கண்ணன இன்னா சுத்தமா வெச்சிருக்கே அண்ணி! ஒரு நாத்தம் இல்ல, ஈரம் இல்ல. பெத்தவகூட இப்டிப் பாக்கமாட்டா." அவர் சட்டத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். "இன்னாத்துக்கு அண்ணி தட்டுறாரு?" என்றாள். "ஒன்னப் பாத்த சந்தோசம்," என்றேன். அவள் மனம் ஆறட்டும் என்று சட்டியையும் வைத்துக் காட்டினேன். ஒன்றும் வரவில்லை. வருவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை.

அவள் சொல்லிவிட்டுப் போனது எனக்குள்ளேயே கிடந்தது, ஐயா. இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் என்னை யாரும் மெச்சினதில்லை. அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

கத்திரி வெயில் வந்தது. காலையில் குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடையில் ஒரே ஒரு பாலாடைத் தண்ணீர், கஞ்சிகூடக் கிடையாது, அவ்வளவுதான். அம்சவள்ளி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தவள், "அய்யா ஒதடு வெடிச்சுக் கெடக்குதும்மா. ஒரு வாய் தண்ணி குடுக்கட்டுமா?" என்றாள்.

"குடுத்தா நனைப்பாரு. நனைச்சா நீயா தொவைக்கப்போற?"

"நான் தொவைக்கறேம்மா."

மறுநாளிலிருந்து அவளைக் களத்து வேலைக்கு அனுப்பிவிட்டேன்.

ஆனால் அவர் நான் நினைத்த மாதிரி வாடவில்லை. அந்த வெயிலிலும் கண்ணில் ஒளி இருந்தது. எனக்கு விளங்கவில்லை. ஒருநாள் மத்தியானம் பாயின் தலைமாட்டில் ஈரம் கண்டேன். தலைமாட்டில் எப்படி நனையும்? மோந்து பார்த்தேன். வெறும் தண்ணீர். மறுநாள் கதவோரம் நின்றேன். கொல்லையிலிருந்து பிச்சு வந்தது. மாட்டுத் தொட்டியில் விழுந்து புரண்டு, மயிரெல்லாம் சொட்டச் சொட்ட வந்தது. கட்டிலில் தாவி அவர் கழுத்தோரம் படுத்தது. அவர் இடது கையால் அதை வாயோடு இழுத்து, அந்த மயிரைச் சப்பினார். குழந்தை முலையைச் சப்புகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு சப்பினார். எந்தக் கையால் அதன் மூக்கைத் தரையில் தேய்த்தாரோ, அதே கை. அது அசையாமல் காட்டிக்கொண்டு படுத்திருந்தது.

தெரிந்து செய்ததா, வெயில் தாளாமல் புரண்டுவிட்டு வந்ததா, என்னால் சொல்லமுடியாது. என் நெஞ்சு வலித்தது, அதையும் மறைக்கவில்லை. பிறகு உள்ளே போய்ப் பிச்சுவைத் தூக்கினேன். அவர் விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். முருங்கை மரத்தில் கயிறு போட்டுக் கட்டினேன். கிண்ணம் நிறையத் தண்ணீர் வைத்தேன். அன்றிலிருந்து அவருக்குக் காலையில் கொடுக்கிற பாலாடையையும் நிறுத்திவிட்டேன், இரண்டு பேரும் என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று இருந்தது. அது கொல்லையில் குரைத்தது. அவர் கூடத்தில் தட்டினார். தட்டுவது மெல்ல மெல்லக் குறைந்தது. ஓய்ந்தபிறகும் அது குரைத்துக்கொண்டிருந்தது.

எல்லோரும் நல்ல சாவு என்றார்கள். பாயைத் தூக்கினபோது அது சருகு மாதிரி இருந்தது. செங்கமலம் அதையும் ஊராரிடம் சொல்லி அழுதாள்.

கருமாதி முடிந்து பிச்சுவை அவிழ்த்துவிட்டேன். நேரே தொட்டிக்குப் போனது. நனைந்து வந்து, கட்டில் இருந்த இடத்தில், தலைமாடு இருந்த அதே இடத்தில் படுத்தது. துடைத்தேன். மறுநாளும் வந்தது. வெல்லம் காட்டிப் பார்த்தேன், வாயில் வாங்கவில்லை. தொட்டியைக் கவிழ்த்துப்போட்டேன். அப்படியும் நனைந்துதான் வருகிறது, ஐயா. கிணற்றுக்கு மூடி போட்டிருக்கிறது, ஏரி வெடித்துக் கிடக்கிறது. எங்கே நனைகிறது என்று எனக்குத் தெரியவில்லை. நேற்று அதைக் கட்டிப்போட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கண்ணெதிரே அந்த இடத்தில் தரை ஈரமாகிக்கொண்டு வந்தது. துடைத்தேன். மறுபடியும் ஆனது. இதை மட்டும் என்னால் பழக்கமுடியவில்லை. அதனால்தான் ஒருவரும் கூப்பிடாமல் நானே வந்தேன்.

கொன்றாயா என்று துரை கேட்கிறார் போலிருக்கிறது, அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஆமாம், தண்ணீர் கொடுக்காமல் கொன்றேன். கொடுத்தால் பிழைப்பார் என்று தெரிந்துதான் கொடுக்கவில்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கடைசிவரை கையோங்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள், இரக்கமில்லாதவள் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது.

எனக்கு ஒரே ஒரு கவலைதான். வருகிற அவசரத்தில் பிச்சுவை முருங்கை மரத்தில் கட்டினபடியே விட்டுவிட்டேன், கிண்ணத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. யாரையாவது சீக்கிரம் அனுப்புங்கள், ஐயா. இந்த வெயிலில் வாயில்லா ஜீவன் எப்படித் தாங்கும்.